கல்லறைத் திருநாள் பதிப்பு

கஸ்பார் ரொட்ரிகோ காலையில் கண் விழிக்கும்போது, தான் யார், தன் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், போன வாரம் எந்தப் பல்லைப் பிடுங்கினார்கள் என்பதெல்லாம் அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். தெரியும்படி எழுதி, முந்தின நாளே வெளியிட்டு வைத்திருப்பவள் அவர் மனைவி எமல்டா.

ஆறு வருஷத்துக்கு முன்னால் வந்த மூளைக் காய்ச்சல் அவரை உயிரோடு விட்டுவிட்டு, இன்றைக்கு நடந்ததை நாளைக்குக் கொண்டுபோகும் வழியை மட்டும் அடைத்துவிட்டுப் போயிற்று. காய்ச்சலுக்கு முந்தியது எல்லாம் கல்வெட்டு. தூத்துக்குடித் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டிய காலத்தில் எந்தக் கப்பலை எந்தக் காற்றில் எப்படித் தள்ளி நிறுத்தினார் என்று இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். பிந்தியது எதுவும் ஓர் இரவைத் தாண்டாது.

இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் நினைவுப் பக்கம் வந்தது. காதுக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவில் ஒரு சில்லு. வீட்டில் இருப்பவர் அவருக்காக ஒரு பக்கம் எழுதுவார். 'நான் கஸ்பார்' என்று அவரே சொல்வதுபோல எழுத வேண்டும். குடும்பத்தில் இன்னொருவர் படித்துப் பார்த்து ஒப்புதல் கொடுத்தால் பக்கம் வெளியாகும். தூக்கத்தில் சில்லு அதை உள்ளே இறக்கிவிடும். விழிக்கும்போது யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரி இருக்காது, தனக்கே ஞாபகம் இருந்த மாதிரி இருக்கும். திருத்தினால் அது புதுப் பதிப்பு. பழைய பதிப்பு அழியாமல் அடியில் கிடக்கும், வேண்டுமென்றால் அதற்கே திரும்பிக்கொள்ளலாம். இந்தத் தேதிக்கு மட்டும் இந்தப் பதிப்பு என்று நாள் குறித்தும் வைக்கலாம். இதைச் செய்த கம்பெனி அதற்கு முன்னால் இணையதளங்களை நடத்துவதற்கு மென்பொருள் செய்துகொண்டிருந்தது. தெரிந்த வித்தையைத்தானே காட்ட முடியும்? மனுஷனையும் ஒரு இணையதளமாக்கி நடத்தினார்கள்.

எமல்டாவுக்கு இது கைவந்த வேலை. ஒரு கப்பல் ஏஜென்சியின் இணையதளத்தை இருபது வருஷத்துக்கு மேல் பார்த்துக்கொண்டவள் அவள். எந்தக் கப்பல் எப்போது வரும், எந்தக் கிடங்கு காலி, யார் மேலாளர் என்று பக்கங்களைத் திருத்திக்கொண்டே இருப்பதுதான் பிழைப்பு. மேலாளர் மாறினால் பழைய பெயரை எடுத்துவிட்டுப் புதுப் பெயரைப் போடுவாள். முன்பு இவர் இருந்தார், பிறகு போனார், இப்போது இவர் வந்தார் என்றெல்லாம் எழுதமாட்டாள். பார்க்க வருகிறவனுக்கு இன்றைய நிலவரம் போதும், நேற்றைய புராணம் எதற்கு? திருத்தியது தெரியாமல் திருத்துவதுதான் நல்ல கை என்று கூட வேலை பார்த்தவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறாள். நினைவுப் பக்கக் கம்பெனியும் அதையேதான் சொன்னது. சுருக்கமாக எழுதுங்கள், இப்போதைய உண்மையை மட்டும் எழுதுங்கள் என்றார்கள். எமல்டா எழுதிய பக்கத்தை மற்ற குடும்பங்களுக்கு மாதிரியாகக் காட்டக்கூடக் கேட்டார்கள்.

ஒப்புதல் கொடுக்கும் பொறுப்பு மகள் ஜெசிந்தாவுக்கு. அவள் ஓசூரில் ஒரு பாட்டரித் தொழிற்சாலையில் இருந்தாள். அம்மா அனுப்பும் பதிப்பைக் கைப்பேசியில் படித்து, விரலால் ஒரு தட்டுத் தட்டிவிடுவாள்.

மகன் லிகோரி ஜெசிந்தாவுக்கு இளையவன். எண்ணெய் விலை எட்டாத உயரத்துக்குப் போய், பாய்த்தோணிகள் மறுபடியும் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்ற ஆரம்பித்த காலம். அப்பாவுக்குக் காய்ச்சல் வந்து வருமானம் நின்றதும் அவன் தோணியில் ஏறினான். இரண்டாம் வருஷம், மாலியிலிருந்து திரும்பும்போது, பாய்க்கயிறு அறுந்து கப்பி வந்து தலையில் அடித்தது. தோணியே அவன் உடலைக் கொண்டுவந்து சேர்த்தது. அன்று கஸ்பார் எல்லோரையும்போல அழுதார். மகன் நெற்றியில் கை வைத்து, இவன் உடம்பு ஏன் இவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று வந்தவர்களிடமெல்லாம் கேட்டார். ராத்திரி தூங்கினார்.

சாவு வீட்டில் உட்கார்ந்தபடியே எமல்டா பக்கத்தைத் திருத்தினாள். 'என் மகன் லிகோரி தோணியில் வேலை பார்க்கிறான்' என்ற வரியை எடுத்தாள். 'என் மகன் லிகோரி இறந்துவிட்டான்' என்ற வரியைப் போட்டாள். அவ்வளவுதான். ஜெசிந்தா அழுதுகொண்டே விரலால் தட்டினாள்.

காலையில் கஸ்பார் விழித்தார். மகன் இறந்தது தெரிந்தது. அழுததுதான் தெரியவில்லை. ஆகவே முதலிலிருந்து அழுதார். மறுநாளும் விழித்தார், மறுநாளும் முதலிலிருந்து. சுவரில் தலையை மோதிக்கொண்டார். உடலைப் பார்க்க விடாமல் புதைத்துவிட்டீர்களே என்று எமல்டாவின் கையைப் பிடித்து உலுக்கினார். புதைத்தது அவர்தான், முதல் பிடி மண் போட்டவரும் அவர்தான் என்று சொன்னால் நம்பவில்லை. மாதப் பூசை முடிந்தது. வந்த சொந்தக்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். துக்கம் ஆற நாள் ஆகும் என்பார்கள். அந்த நாள்தான் அவருக்குக் கிடையாதே.

ஒரு நாள் எமல்டாவால் முடியவில்லை. பழைய பதிப்புக்குத் திரும்பினாள்.

அடுத்த நாள் காலையில் அவர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார். காப்பியில் சர்க்கரை கம்மி என்றார். லிகோரியின் தோணி எப்போது வரும் என்று கேட்டார். காற்றைப் பார்த்து வரும் என்றாள் எமல்டா. பிறகு பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் தண்ணீர்ச் செலவு கூடிப்போனது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ஒரு தெருவே சேர்ந்தால் மறைக்கலாம். லிகோரியின் படத்துக்குப் போட்ட மாலையை எமல்டா கழற்றி வைத்தாள். அவன் சட்டைகளைத் துவைத்து, மடித்து, வெயிலில் காட்டி அலமாரியில் அடுக்கினாள். பலசரக்குக் கடைக்காரர் முதல் கோயில் மணி அடிக்கும் கோவில்பிள்ளை வரை எல்லோரிடமும் சொல்லி வைத்தாள். கஸ்பார் சாயங்காலம் பழைய துறைமுகத்துக்கு நடந்து போய், கரைக்கு வந்த தோணிக்காரர்களிடம் மகனைப் பற்றி விசாரிப்பார். அடுத்த தோணியில் வருவான், மாலியில் சரக்குக்காக நிற்கிறான் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். சந்தோஷமாகத் திரும்பி வருவார்.

வருஷத்தில் ஒரு நாள் மட்டும் இந்த ஏற்பாடு கிடையாது. நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். அன்றைக்குக் குடும்பம் குடும்பமாகக் கல்லறைக்குப் போவார்கள். சுண்ணாம்பு அடித்து, செவ்வந்திப்பூப் போட்டு, மெழுகுதிரி ஏற்றி நிற்பார்கள். சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வருவார். பெற்ற தகப்பன் வருஷத்துக்கு ஒரு முறையாவது மகன் கல்லறையில் நிற்க வேண்டாமா? அதனால் எமல்டா அந்த ஒரு நாளைக்கு மட்டும் உண்மைப் பதிப்பை நாள் குறித்து வைத்தாள். அதற்குக் கல்லறைத் திருநாள் பதிப்பு என்று பெயரும் கொடுத்தாள். அன்று காலை அவர் தெரிந்துகொள்வார், அலறுவார், கல்லறைக்கு வருவார், மகன் பெயர் வெட்டிய கல்லைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இரவு தூங்கினால் பதிப்பு காலாவதியாகிவிடும். மறுநாள் மகன் மறுபடியும் தோணியில்.

சாமியாரிடமும் ஊரிடமும் அவள் சொன்ன காரணம் கல்லறை. உள்ளுக்குள் இருந்த காரணம் வேறு. அந்த ஒரு நாள்தான் அவளுக்குப் புருஷன் கிடைத்தார். மற்ற நாளெல்லாம் கூட இருந்தவர் ஒரு நல்ல மனுஷர், அவ்வளவுதான். அன்றைக்கு மட்டும் இரண்டு பேரும் ஒரே மகனுக்கு அழுதார்கள். அவன் சின்ன வயதில் உப்பளத்தில் விழுந்து வெள்ளை வெளேரென்று எழுந்து வந்ததை அவர் சொல்வார், இவள் அழுதுகொண்டே சிரிப்பாள். அவளுக்கு மறந்துபோனதெல்லாம் அவருக்கு ஞாபகம் இருந்தது. அக்டோபர் பிறந்தாலே அவள் நாள் எண்ண ஆரம்பித்துவிடுவாள். அப்படி எண்ணுவது தப்பு என்று தெரிந்தே எண்ணினாள்.

மூன்று கல்லறைத் திருநாள் இப்படிப் போயிற்று. நாலாவது வருஷம், திருநாளுக்குச் சில நாள் இருக்கும்போது, தோணியை நடத்திச் செல்லும் தண்டல் சூசை வீட்டு வாசலில் வந்து நின்றான். லிகோரி வேலை பார்த்த தோணி அவனுடையது. உள்ளே வரவில்லை. கஸ்பார் தூங்குகிறாரா என்று கேட்டுக்கொண்டான்.

"அக்கா, என்னால இனிமே முடியாதுக்கா," என்றான். "நேத்து அண்ணாச்சி எங்கிட்ட, லிகோரிக்குப் பொண்ணு பாக்கணும், எப்பல லீவு குடுப்பன்னு கேக்காவ. தையில தாரேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். ராவுல சோறு எறங்கல. அவன் செத்தது என் மடியிலக்கா."

எமல்டா அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டுப் போனான்.

அன்று மத்தியானமே அவள் கல்லறைத் திருநாள் பதிப்பை ஒப்புதலுக்கு அனுப்பினாள். தட்டுவதற்குப் பதிலாக ஜெசிந்தா கூப்பிட்டாள். இந்த வருஷம் தான் ஒப்புதல் கொடுப்பதாக இல்லை என்றாள். பேச்சு வளர்ந்தது. டாக்டர் சொன்னது, ரத்த அழுத்தம், வயது என்று ஜெசிந்தா ஒவ்வொன்றாக அடுக்கினாள். கல்லறை, ஊர், சாமியார் என்று எமல்டா பதில் சொன்னாள். கடைசியில் ஜெசிந்தாவின் குரல் உடைந்தது.

"போன வருசம் மறுநாளு அப்பாவுக்கு என்னாச்சுன்னு ஒனக்கு ஞாபகம் இல்லையாம்மா? ஏன் கண்ணு வீங்கிருக்கு, ஏன் நெஞ்சு வலிக்குன்னு அவியளுக்கே தெரியல. மனசு மறந்தாலும் ஒடம்பு மறக்கலம்மா. வருசத்துக்கு ஒருக்கா நீ அவியள அடிச்சுப் போடுத."

"மத்த நாளெல்லாம் நான் ஒத்தையில கெடந்து செத்த பிள்ளைக்கு உயிர் குடுத்துக்கிட்டு இருக்கேன்ட்டி," என்றாள் எமல்டா. இதை யாரிடமும் சொன்னதில்லை. மகளிடம் சொல்வோம் என்று நினைத்ததும் இல்லை. "ஒரு நாளு எனக்குத் துணைக்கு ஆளு வேண்டாமா? அவியள விட்டா அவனுக்குத் தகப்பன்னு வேற யாரு இருக்கா?"

ஜெசிந்தாவின் பக்கம் தொழிற்சாலைச் சங்கு ஊதி ஓய்வது கேட்டது. பிறகு, உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன் அம்மா என்றாள்.

நினைவுப் பக்கத்தில் நோயாளிக்கும் ஓர் உரிமை உண்டு. நாளைக்கு எனக்கு இது ஞாபகம் இருக்க வேண்டும் என்று அவர் வாயால் சொன்னால் சில்லு அதைக் கேட்டு வரைவாக வைக்கும். வீட்டில் இருப்பவர் பார்த்துப் பக்கத்தில் சேர்ப்பார். சாதாரண நாளில் கஸ்பார் சொல்லும் வரைவுகள் எமல்டாவின் திரைக்குத்தான் வரும். மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தேன் என்பது மாதிரி இருக்கும். கல்லறைத் திருநாள் அன்று சொன்னவையோ அந்த ஒரு நாள் பதிப்போடு சேர்ந்தவை. கல்லறையும் அழுகையுமான அன்று எமல்டா திரையைத் திறப்பதே இல்லை; இரவு பதிப்பு காலாவதியானதும் அவையும் அங்கிருந்து போய்விட்டன. ஒப்புதல் தருபவள் என்ற முறையில் ஜெசிந்தாவிடம் மட்டும் வந்து நின்றன. மூன்று வருஷமும் அவள் அவற்றைத் திறந்து படித்தாள், மூடி வைத்தாள், அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே நீ வெளியிட்டிருப்பாய், தினமும் அந்த அலறலை மறுபடியும் ஆரம்பித்திருப்பாய், அதனால்தான் என்றாள்.

எமல்டா கோபப்படவில்லை. அனுப்பு என்றாள்.

மூன்று வரைவும் வந்தன. முதல் வருஷத்து வரைவில் கஸ்பார் சொல்லியிருந்தார்: "நாளைக்கும் எனக்கு இது தெரியணும். எமல்டாவ ஒத்தையில அழ விடாதிய." இரண்டாம் வருஷத்திலும் அதையே, ஒரு சொல் மாறாமல் சொல்லியிருந்தார். முந்தின வருஷம் சொன்னது அவருக்கு எங்கே தெரியும்? மூன்றாவதில் மட்டும் ஒரு வரி கூட இருந்தது. "இத முந்தியே சொல்லிருந்தேன்னா, திரும்பவும் சொல்லுதேன்."

எமல்டா அதை ஒரு முறைதான் படித்தாள். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கூடத்துக்குப் போனாள். கஸ்பார் நாற்காலியில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். இத்தனை காலம் தான் இவரைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தாள். இவரோ ஒவ்வொரு வருஷமும் தனக்குக் கிடைத்த ஒரே நாளில், தன்னைக் காப்பாற்ற வேண்டாம், அவளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போயிருக்கிறார். அது அவளுக்கு வலித்தது. அந்த வலியில் ஒரு ஆறுதலும் இருந்தது.

ஆனால் செய்வது என்ன? உண்மைப் பதிப்பை நிரந்தரமாக்கினால் தினமும் அந்த முதல் நாள் காலைதான். விட்டுவிட்டால் பொய்தான். அந்தப் பக்கம் போனால் கிணறு, இந்தப் பக்கம் போனால் குளம். இரண்டு பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வேலை பார்த்த காலத்துப் பழக்கப்படி, வித்தியாசத்தைப் பார்த்தாள். ஒரே ஒரு வரி. 'தோணியில் வேலை பார்க்கிறான்' சிவப்பில் அடிபட்டிருந்தது. 'இறந்துவிட்டான்' பச்சையில் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மேலாளர் பெயரை மாற்றுவதுபோல மகனை மாற்றியிருக்கிறாள். இருந்தான் என்பதை எடுத்துவிட்டு இல்லை என்பதைப் போட்டிருக்கிறாள். அவனுக்காக அவர் அழுதது, கத்தியது, சோறு வேண்டாம் என்று தட்டைத் தள்ளியது, பிறகு ஒரு நாள் தானே தட்டை இழுத்து ஒரு வாய் சாப்பிட்டது, எதையும் எழுதவில்லை. மற்ற மனுஷருக்கெல்லாம் சாவுச் செய்தியோடு கூடவே அழுத நாட்களும் சேர்ந்து ஞாபகம் இருக்கின்றன. அதனால்தான் காலையில் எழுந்து பல் தேய்க்க முடிகிறது. அவருக்குச் செய்தியை மட்டும் கொடுத்தாள். நல்ல கை என்று பெயர் வாங்கிய கைதான் அதைச் செய்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்துவிட்டது.

அன்று ஆரம்பித்து அடுத்த நாட்கள் முழுக்க எமல்டா எழுதினாள். கம்பெனி சொன்ன சுருக்கத்தைக் காற்றில் விட்டாள். 'நான்' என்று எழுதி, அவர் பட்டதையெல்லாம் அவர் வாயால் எழுதினாள். 'லிகோரியைத் தோணியில் கொண்டுவந்தார்கள். நான் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். முதல் பிடி மண் நான்தான் போட்டேன். மறுநாள் எனக்கு அது மறந்துபோயிற்று, மறுபடியும் அழுதேன். ஒரு மாதம் தினமும் அழுதேன். ஒரு நாள் எமல்டாவின் தம்பி எனக்குத் தலையில் எண்ணெய் தேய்த்துவிட்டான். அன்று கொஞ்சம் தூங்கினேன். முதல் கல்லறைத் திருநாளில் மழை, எல்லோரும் குடை பிடித்து நின்றோம். இரண்டாவதில் அவன் உப்பளத்தில் விழுந்த கதையைச் சொன்னேன். மூன்றாவதில் காற்று அடித்து மெழுகுதிரி அணைந்து அணைந்து போயிற்று, நான் வேட்டியால் மறைத்துக்கொண்டு நின்றேன்.' ஒவ்வொன்றாக இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. அவருக்காக எழுதும் மும்முரத்தில் தன்னைப் பற்றி அவள் யோசிக்கவே இல்லை.

மறைத்து வைத்ததையும் எழுதினாள். 'கிட்டத்தட்ட நாலு வருஷம் அவன் தோணியில் இருப்பதாக எமல்டா என்னிடம் சொன்னாள்.' எழுதிவிட்டு நின்றாள். அடுத்த வரியை எழுதுவது ரொம்பச் சுலபம். யாரும் தடுக்கப் போவதில்லை. காலையில் அவருக்கு அது தன் சொந்த நினைப்பாகவே இருக்கும். 'நான் அவளை மன்னித்துவிட்டேன்' என்று எழுதினாள். எழுதி அனுப்பிவிட்டாள்.

பக்கம் ஜெசிந்தாவிடம் ஒரு பகல் முழுக்க இருந்தது. திரும்பி வந்தபோது இரண்டு திருத்தங்கள் இருந்தன. மன்னித்துவிட்டேன் என்ற வரி சிவப்பில் அடிபட்டிருந்தது. ஓரத்தில் ஜெசிந்தா, இதை நீ எழுதக் கூடாது அம்மா, அப்பாதான் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று குறிப்பு வைத்திருந்தாள். பச்சையில் ஒரு புது வரி இருந்தது. 'ஜெசிந்தா அடக்கத்துக்குப் பிறகு தம்பியின் கல்லறைக்கு வந்ததே இல்லை. அவளுக்குப் பயம்.' எமல்டா அந்த வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். துணைக்கு ஆளில்லை என்று தான் சொன்னதை இந்தப் பெண் எப்படி வாங்கிக்கொண்டாளோ என்று வெட்கமாக இருந்தது. இரண்டு திருத்தத்தையும் ஏற்றுக்கொண்டாள். திருநாளுக்கு முந்தின சாயங்காலம் பக்கம் வெளியானது. காலாவதித் தேதி போடும் கட்டத்தைக் காலியாக விட்டாள்.

விடிந்தபோது எமல்டா எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தாள். மாத்திரையை எடுத்து வைத்திருந்தாள். அவர் தலையை மோதுகிற சுவரோரமாகத் தலையணைகளைச் சாய்த்து வைத்திருந்தாள். அவசரத்துக்கு வண்டி எடுக்கும்படி பக்கத்து வீட்டு ஆட்டோக்காரரிடம் சொல்லியிருந்தாள்.

கஸ்பார் விழித்தார். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். கண்ணோரம் நனைந்தது. துடைத்துக்கொண்டார். எழுந்து உட்கார்ந்து வேட்டியைச் சரிசெய்தார்.

"பூச எத்தன மணிக்கு?" என்று கேட்டார்.

ஆறரைக்கு என்றாள் எமல்டா.

அவர் அலமாரியைத் திறந்து வெள்ளைச் சட்டையைத் தேடினார். மேல்தட்டில் லிகோரியின் சட்டைகள் மடிப்புக் கலையாமல் இருந்தன. அவற்றை ஒரு தடவை கையால் தடவிவிட்டு, தன்னுடையதை எடுத்துக்கொண்டார். பிறகு மெழுகுதிரியைப் பற்றிப் பேசினார். போன தடவை மாதிரி காற்றில் அணையக் கூடாது, போகிற வழியில் கண்ணாடிக் கூண்டு ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார். ஜெசிந்தாவுக்குப் போன் போட்டு, அடுத்த தடவை அப்பா கையைப் பிடித்துக்கொண்டு வந்தால் போதும் என்று சொல்ல வேண்டும் என்றார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, காய்கறி விலை சொல்கிற குரலில் சொன்னார்.

"பய போயி நாலு வருசமாவப் போவுது. இந்தச் சட்டையெல்லாம் இன்னும் எதுக்கு வச்சிருக்க? சூச பையனுக்குச் சரியா இருக்கும்லா, குடுத்துரு."

எமல்டா வாயைத் திறந்தாள். லிகோரிக்குப் போட்டுக்கொள்ள வேண்டாமா என்ற பேச்சு பழக்கத்தில் நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. வந்த பிறகு அதற்குப் போக இடமில்லை. அந்த வீட்டுக்குள் அவன் இறந்ததை யாரும் இப்படிச் சாதாரணமாகச் சொன்னதே கிடையாது. திருநாள் அன்று அலறல்தான் இருக்கும்; இரவோடு அது முடிந்து, மறுநாள் அவன் மறுபடியும் தோணியில் ஏறிவிடுவான். காற்றைப் பார்த்து வருவான் என்று தினமும் ஒருவருக்குச் சொல்லிச் சொல்லி, துவைத்து மடித்து, வெயிலில் காட்டி, அவளும் பாதிக்கு மேல் காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். இனிமேல் நாளைக்கும் அவன் தோணியில் இருக்கமாட்டான். நாளை மறுநாளும் இருக்கமாட்டான்.

அலமாரியைப் பிடித்தபடி அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தாள். அவளிடமிருந்து வந்த சத்தம் அடக்கத்தன்றுகூட வராத சத்தம். எதிர்வீட்டில் கதவு திறந்தது. ஆட்டோக்காரர் ஓடிவந்து வாசலில் நின்று, கஸ்பாருக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று உள்ளே எட்டிப் பார்த்தார்.

கஸ்பார் அவரைப் போகச் சொல்லிக் கை காட்டினார். மூட்டு வலியோடு மெல்லக் குனிந்து, சுவரோரம் இருந்த தலையணை ஒன்றை இழுத்துப் போட்டு, அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவள் தலையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டார். பூசைக்கு முதல் மணி அடித்தது. போக வேண்டும் என்று அவர் அவசரப்படுத்தவில்லை. முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"அழு பிள்ள," என்றார். "ஒனக்கு இன்னைக்குத்தான தெரிஞ்சிருக்கு."